கியர்பெட்டியைத் திறக்குமுன்

பெரும்போக மழை விழுந்து நிலம் பதமாகியிருக்கும் வேளையில் உழவு இயந்திரம் கராஜில் நிற்பது ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று. அதனை வாடகைக்கு நம்பியிருக்கும் அயலவரின் விதைப்பும் பிந்திவிடுகிறது. கியர் போடும்போது ‘கறகற’ என்ற சத்தம் கேட்டதும் கியர்பெட்டி பழுதென்றே பலர் முடிவுகட்டி விடுகின்றனர். பெட்டியைப் பிரிப்பதோ நாட்களையும் பணத்தையும் விழுங்கும் வேலை. பிழை கிளச்சிலும் இருக்கலாம். எனவே, எது பிழை என்பதை முதலில் அறிவோம்.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, சில்லுகளுக்கு முட்டுக்கொடுங்கள். முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழும் கியர்கள், எஞ்சின் ஓடும்போது எல்லாமே உரசி இறுகுமானால், கிளச் முழுமையாக விடுபடவில்லை என்பதே பொருள். மிதியின் வெற்று அசைவு அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். திரவத்தால் இயங்கும் கிளச்சாயின் திரவம் குறைந்திருக்கலாம். குழாயில் காற்றும் புகுந்திருக்கலாம். இவற்றைச் சீராக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

அடுத்து, நியூற்றலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். கிளச்சை மிதித்ததும் இரைச்சல் நின்றால், பெட்டிக்குள் எஞ்சினோடு சுழலும் தண்டுகளின் பெயாரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் எழுமானால், கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கே பெரும்பாலும் காரணம்.

லொறி, வான் போன்றவற்றில் ஒரு கியர் மட்டும் உரசினால், அந்தக் கியரின் வேகத்தை இசைவிக்கும் வளையம் தேய்ந்திருக்கலாம். போட்ட கியர் தானாகவே கழன்று விழுந்தால் பற்களோ, கியரை நகர்த்தும் கவையோ, அதனைப் பிடித்துவைக்கும் வில்லோ தேய்ந்திருக்கலாம். இவை பெட்டிக்குள் உள்ள பிழைகள்.

1964இல் வெளிவரத் தொடங்கிய மசி பெர்கூசன் 135 போன்ற பழைய உழவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அவ்வாறான வளையங்கள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் பற்கள் மோதவே செய்யும். கிளச்சை மிதித்து, இயந்திரம் நின்றபின், ஓரிரு நொடி பொறுத்து மாற்றுவதே முறை. பல்லோடு பல் முட்டினால் பலவந்தம் பண்ணாமல், நியூற்றலில் கிளச்சைச் சற்று விட்டு மீண்டும் மிதித்துப் போடுங்கள்.

ஒயிலையும் மறக்கலாகாது. அளவு குறைந்தால் பற்களும் பெயாரிங்குகளும் தேயும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. சேற்றுழவு செய்யும் இயந்திரங்களில் இதனை அடிக்கடி பார்க்க வேண்டும். மசி 135இல் கியர்பெட்டிக்கும் கலப்பையைத் தூக்கும் பகுதிக்கும் ஒரே ஒயில் ஆகையால், கேடு இரண்டையும் தாக்கும். ஒயில் கழற்றும்போது காந்த மூடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சாம்பல்நிறப் பசை வழமையானது. இரும்புத் துண்டுகள் வந்தால் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். புதிய ஒயிலின் தரம் கையேட்டில் கூறியபடியே இருக்கட்டும்.

கராஜுக்குப் போகும்போது ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கியரில், கிளச்சை மிதித்தா விட்டா, நின்றா ஓடியா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். திருத்துபவருக்கு அது வழிகாட்டும். தேவையற்ற செலவிலிருந்து உங்களையும் காக்கும்.