ஆலைக்கரையும் வாவியும்

கரடியனாறு முதலான படுவான்கரைக் கிராமங்களின் வட்டைகளிலிருந்து வடியும் நீர் முந்தனையாற்றின் வழியே மட்டக்களப்பு வாவியைச் சென்றடைகிறது. நீரைப் போலவே இப்பிரதேசத்து வயல்களிலிருந்து இன்னொரு பொருளும் ஒரு காலத்தில் வாவிக்கரையொன்றைத் தேடிச் சென்றது. வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல்லைப் போடியார் வீட்டுக்கு ஏற்றிய பின்னர், மாட்டுக்குப் போட்டதும் போக எஞ்சி, களத்து மேட்டிலேயே எரிந்தும் மழையில் மக்கியும் போய்க்கொண்டிருந்த வைக்கோல்தான் அது. கேட்பாரற்றுக் கிடந்த அந்த வைக்கோலைக் காகிதமாக்கலாம் என்ற எண்ணமே வாழைச்சேனைக் காகித ஆலைக்கு மூலகாரணமாயிற்று.

ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராயிருந்த நாட்களில் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என்னும் மூன்றும் தமிழ்ப் பிரதேசங்களின் பெருந்தொழில்களாக உருவெடுத்ததையும், அவற்றுள் காகித ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியில் இறங்கியதையும் நம்மில் மூத்தோர் அறிவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே வாயிலுக்குள் நுழைந்து வேலை செய்த இடம் அது. யுத்தம் அதை நலியச் செய்தது. யுத்தம் முடிந்த பின்னரும் ஆலை நின்றது, மீண்டும் தொடங்கும் என்றார்கள், பிறகும் தடைப்பட்டது. அதன் பொருளாதாரச் சரித்திரத்தை எழுத வேறு தகுதியுடையோர் உளர். என் விஷயம் ஆலையின் பின்புறத்துக் கரையைப் பற்றியது.

வைக்கோலைக் கூழாக்க வேண்டுமானால் அதை எரிசோடாவோடு சேர்த்து அவிக்க வேண்டும். அவியும்போது நார் ஒரு பக்கம் பிரிய, நாரை நாரோடு பிணைத்து நின்ற லிக்னின் என்னும் பொருள் சோடாவிலே கரைந்து, கன்னங்கரிய நீராக வெளிப்படுகிறது. மரத்திலிருந்து கூழ் எடுக்கும் பெரிய ஆலைகளில் இந்தக் கறுத்த நீரைச் சுண்டக் காய்ச்சி, எரித்து, சோடாவைத் திரும்ப மீட்டுக்கொள்வார்கள். அதனால் செலவும் குறைகிறது, ஆறும் தப்புகிறது. வைக்கோலிலோ சிலிக்கா மிகுதி. அருவி வெட்டுகிறவர்களின் கையைக் கீறும் அந்தச் சுணை சோடாவிலே கரைந்து, காய்ச்சும் குழாய்களினுள்ளே கல்லாகப் படிந்து அடைத்துவிடுகிறபடியால், வைக்கோலை நம்பிய ஆலைகள் பலவும் மீட்கும் பிரயாசையைக் கைவிட்டுக் கறுத்த நீரை அண்மையிலுள்ள நீர்நிலைக்கே அனுப்பிவந்தன. வாழைச்சேனையிலும் அது அவ்வூர் வாவிக்கே சென்றது. கறுப்பு நிறம் சூரிய வெளிச்சத்தை மறைக்க, கரைந்துள்ள பொருள்கள் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ள, மூச்சுக்குத் தவித்த மீன் மேலே வந்து மிதந்தது. படுவான்கரை வயல் ஊருக்குச் சோறு தந்தது. அதே வயலின் வைக்கோல் வாவியின் மீனைக் கொன்றது. இதில் விவசாயியின் குற்றம் யாதொன்றுமில்லை. ஆலைத் தொழிலாளியின் குற்றமும் இல்லை. கழிவு எங்கே போகும் என்ற கேள்வியைக் கடைசிக் கேள்வியாக வைத்த அக்காலத்துத் திட்டங்களின் குற்றம் அது.

இப்படித் தொழிலால் கெட்டு, தொழிலும் நின்றுபோன நீர்க்கரையை என்ன செய்வது? உலகெங்கும் பெரும்பாலும் இரண்டு வழிகளையே கைக்கொள்கிறார்கள். ஒன்று, மண்ணைக் கொட்டி மேடாக்கி, மாடி கட்டுவது. மற்றொன்று, கரையோரம் கொங்கிரீட் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, புல்தரை விரித்து, மின்விளக்கு நட்டு, அதற்குப் பூங்கா என்று பெயர் சூட்டுவது. இவ்விரண்டிலும் நீருக்கும் நிலத்துக்கும் இருந்த சம்பந்தம் அறுந்துபோகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதன் தெளிவான உதாரணத்தை ஷாங்காய் நகரில், ஹுவாங்பூ ஆற்றங்கரையில் உள்ள ஹௌதான் பூங்காவிலே காணலாம்.

உருக்கு ஆலையும் கப்பல் பட்டறையும் இருந்து, பின்னர் கழிவு கொட்டும் இடமாகவும் மாறியிருந்த அந்தக் கரைத்துண்டு சுமார் 1.7 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ 14 ஹெக்டேயர் பரப்பும் உடையது; அகலமோ சராசரியாக 30 முதல் 80 மீட்டர் வரையே. சீன அரசு நீரை ஐந்து தரங்களாக வகுத்திருக்கிறது. அந்த ஆற்றின் நீர் ஐந்தாம் தரத்துக்கும் கீழ்ப்பட்டதாக இருந்தது. 2010ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக அக்கரையைச் சீர்படுத்தும் பணி யூ கொங்ஜியான் என்னும் நிலத்தோற்றச் சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. கரையிலிருந்த கொங்கிரீட் சுவரை அகற்றிவிட்டுக் கற்களைச் சரிவாகப் பரப்பி, அவற்றினிடையே நாணலும் கோரையும் வேரூன்ற இடம் விட்டார். உள்ளே, கரை நெடுகிலும், 5 முதல் 30 மீட்டர் வரை அகலமுள்ள ஒரு சதுப்பு நிலத்தை அமைத்தார். ஆற்று நீர் முதலில் ஒரு சுவரின் மேலிருந்து அருவியாக விழுந்து காற்றைக் கலந்துகொள்ளும். பின்பு படிப்படியாக அமைந்த தட்டுகளில் மெள்ள மெள்ள இறங்கும். ஒவ்வொரு தட்டிலும் வெவ்வேறு செடி. வேர்களைப் பற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். கலங்கல் அடியிலே படியும். உரச்சத்து தண்டிலும் இலையிலும் ஏறும். நாளொன்றுக்கு 2,400 கன மீட்டர், அதாவது 24 லட்சம் லீட்டர் நீர், இரசாயனம் எதுவும் இடாமலே மூன்றாம் தரத்துக்கு உயர்ந்து மறுமுனையில் வெளியேறியது. பழைய ஆலையின் இரும்புச் சட்டங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்தெறியாமல் நிற்கவிட்டு, அவற்றிலே கொடிகளைப் படரவிட்டதும் அவர் செய்த காரியமே.

இந்த யூ கொங்ஜியான் யார் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் கரடியனாற்று வாசகருக்கு அது மிகவும் நெருங்கிய செய்தி. 1963இல் செஜியாங் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வயலிலே வளர்ந்து, பெய்ஜிங்கிலும் ஹார்வர்டிலும் கற்று, தாய்நாடு திரும்பியவர் அவர். வெள்ளத்தைக் குழாயிலிட்டு விரட்டாமல், நகரமே அதை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய கொள்கையைச் சீன அரசு தேசியக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. 2025 செப்டெம்பரில் பிரேசில் நாட்டுச் சதுப்பு வெளியில் விமான விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தது பேரிழப்பு. ஹௌதானின் தட்டுகளுக்கு மூலம் அவர் இளமையிலே கண்ட வயல்வெளியின் வரப்பும் படிக்கட்டு நிலமும்தான். அந்தத் தட்டுகளிலே வசந்தத்தில் கடுகினப் பூ மஞ்சளாகப் பூக்கும், கோடையில் சூரியகாந்தி, இலையுதிர் காலத்தில் நெல் கதிர் சாயும். உலக வியாபாரத்தின் மையமான ஒரு மாநகரத்தின் நடுவிலே, உருக்கு ஆலை நின்ற மண்ணில், நெல் விளைந்தது.

இதை நான் வியப்புக்காகச் சொல்லவில்லை. மேல் வயலின் நீர் வக்கடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும்போது வண்டல் எங்கே தங்கும், எந்த மூலையில் கோரை முளைக்கும், எத்தனை விரற்கிடை நீர் நின்றால் பயிர் தாங்கும் என்பதை முந்தனையாற்றுப் படுகையிலுள்ள ஒரு வட்டவிதானை எந்தப் புத்தகமும் இன்றிச் சொல்லுவார். பட்டம் பெற்ற சிற்பி ஷாங்காயில் செய்ததும் நீரை அவசரப்படுத்தாமல் இறக்குவதுதான். ஆகவே இந்த வித்தை நமக்கு அந்நியமானதென்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. சென்னை அடையாற்று முகத்துவாரத்தில், குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, கண்டலும் உள்நாட்டு மரங்களும் நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்ததும் இதே வழியைச் சேர்ந்த முயற்சியே.

எனினும் செடி எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், யூனியன் ஏரிக்கரையில், 1906 முதல் 1956 வரை நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எரிவாயு தயாரித்த ஒரு ஆலை இருந்தது. ரிச்சர்ட் ஹாக் என்பவர் அதன் கோபுரங்களை இடியாமல் காத்து, கெட்ட மண்ணைப் பெரும்பாலும் அகற்றாமல், அதிலேயே கழிவுச் சேறும் மரத்தூளும் கலந்து உழுது, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைப் பெருக்கி, 1975இல் பூங்காவாக்கினார். உலகம் முழுதும் கொண்டாடிய வேலை அது. இன்றைக்கும் நான் அதை மிக உயர்ந்த வேலையாகவே கருதுகிறேன். ஆயினும் 1984இல் மண்ணிலே நச்சுப்பொருள் கண்டறியப்பட்டுப் பூங்காவைச் சில காலம் மூட நேர்ந்தது; நிலத்தடியிலிருந்து தாரெண்ணெய் கசிந்து மேலே வந்தது; ஏரியின் அடிச்சேற்றைச் சுத்திகரிக்கும் விவகாரம் பல தசாப்தங்களாக நீண்டது. நுண்ணுயிர் உண்ணக்கூடிய அழுக்கு வேறு, உண்ண முடியாத உலோகமும் தாரும் வேறு என்ற பாடத்தை அந்நகர மக்கள் பெருஞ்செலவில் கற்றார்கள். சேற்றைத் தோண்டி, அடுக்கடுக்காக எடுத்து, பரிசோதித்துப் பாராமல் ஒரு செடியையும் நடலாகாது.

நடுவதிலும் நாம் கண்ட அனுபவம் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர் இலங்கைக் கரையோரங்களில் பெரும் உற்சாகத்தோடு கண்டல் நட்டார்கள். பிற்பாடு 23 இடங்களை ஆராய்ந்தபோது, ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் மிஞ்சியிருக்கவில்லை. நட்ட பரப்பு ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல். பிழைத்தது இருநூறு சொச்சம். காரணம் விளங்காததல்ல. கண்டலின் நாற்று மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோல் நீண்டு தொங்கி, பருவம் வந்ததும் சேற்றிலே குத்திட்டு விழுந்து நிற்கும் சுபாவமுடையது. எடுத்து நடுவதற்கு அதைவிட எளிதான விதை இல்லை. எளிது என்ற ஒரே காரணத்துக்காக, கண்ணா மரம் நிற்க வேண்டிய மேட்டிலும், எந்த மரமும் நில்லாத ஆழத்திலும் கண்டலையே குத்தினார்கள். நீர்மட்டம் பார்க்கவில்லை, உப்பின் அளவு பார்க்கவில்லை, நட்ட பின் மாட்டுக்கு வேலி கட்டவும் இல்லை.

வாழைச்சேனை வாவிக்கு ஹௌதானை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர இயலாததும் இதனாலேதான். அங்கே நன்னீர் ஆறு. இங்கே கடலோடு கலக்கும் உவர் நீர், மாரியில் வெள்ளம் இறங்கும்போது நன்னீராகி, கோடையில் கரிக்கும். சம்பும் கோரையும் ஆலைப் பக்கத்து வாய்க்கால்களில், நன்னீர் தங்கும் இடங்களில் மாத்திரம் உயிர் வாழும். அவற்றைக் கடந்து வாவியின் விளிம்புக்கு வந்தால், மேட்டில் தில்லையும், அதற்குக் கீழே கண்ணாவும், நீரோரத்தில் கண்டலும் என்று நீர்மட்டத்தின் வரிசைப்படியே நிறுத்த வேண்டும். பல இடங்களில் நாம் நடவே வேண்டாம்: மேடாக்கப்பட்ட மண்ணைச் சற்றே வெட்டித் தாழ்த்தி, நீர் வந்து போக வழி திறந்துவிட்டால், விதையை வாவியே கொண்டுவந்து சேர்க்கும். இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். அது வளர்ந்தால் வீச்சுவலைக்காரனுக்கும் பிழைப்பு.

மீன்பிடித் துறைமுகமும் தோணித்துறைகளும் உள்ள வாவி அது. ஆகையால் மீனவர் சங்கங்களைக் கேளாமல் வரையப்படும் எந்தத் திட்டமும் பயன்படாது. தோணி கட்டுமிடம், வலை உலர்த்துமிடம், பெண்கள் மீன் தெரியுமிடம் என இன்று கரையிலே அவர்கள் அனுபவித்துவரும் உரிமையை வேலிக்குப் பின்னால் அடைத்துவிட்டு, மாலையில் உலாவ வருவோருக்குப் புல்தரை விரிப்பது அநீதி என்பது என் அபிப்பிராயம். ஆலையில் தொழில் மீண்டும் நிலைபெறுமானால் நல்லது; அப்போதும் கழிவு நீர் முதலில் தட்டுச் சதுப்புகளிலே தங்கி, பரிசோதனையில் தேறிய பிறகே வாவிக்குள் இறங்கட்டும். ஓடும் ஆலைக்கும் நின்ற ஆலைக்கும் இந்த ஏற்பாடு ஒருங்கே பொருந்தும்.

ஆனால் சேற்றை எங்கே தோண்டிப் பரிசோதிப்பது என்று தெரிந்தால்தான் மற்றவை யாவும் தொடங்கும். கறுத்த நீர் எந்த வாய்க்கால் வழியே போயிற்று, எந்தக் குழியில் தேங்கிற்று, எந்த ஆண்டில் எங்கே மண் நிரப்பினார்கள், எந்தத் துறையில் முதலில் மீன் செத்து மிதந்தது என்பனவற்றின் பெரும்பகுதி, ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் நினைவிலும் வயது முதிர்ந்த மீனவர்களின் நினைவிலுமே தங்கியிருக்கிறது. அவர்களோ வருஷந்தோறும் குறைந்துவருகிறார்கள். ஆகவே அந்த ஆலையில் வேலை செய்தவர்களும், அதன் கரையில் தொழில் செய்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், தங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் படமாகக் கீறி, இடப்பெயரும் ஏறத்தாழ ஆண்டும் குறித்து, இப்பத்திரிகையின் முகவரிக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். படம் திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. வாய்க்காலும் வாவியும் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.