பல் வைத்தியக் கல்விக்கு ஆயத்தஞ் செய்யும் முறை

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள எமது மூதூர்ப் பகுதி மாணாக்கருள் பல் வைத்தியராக விழைவோர் உளர். விருப்பம் மட்டும் போதாது. காலத்தே வகுத்த திட்டமும் வேண்டும். அதுபற்றிச் சில கூறுவாம்.

அமெரிக்காவிலே பல் வைத்தியம் பயில விரும்புவோர், முதலிற் சில ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைக் கற்று, அதன் பின்னரே பல் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பர். விடுபட்ட பாடத்தைப் பிற்பாடு கற்க அவர்க்கு இடமுண்டு. நம் நாட்டு வழக்கம் வேறு. 1943இற் கொழும்பிலே தொடங்கிப் பின்னர்ப் பேராதனைக்கு மாற்றப்பெற்ற பல் வைத்தியக் கல்விக்கு, உயர்தரப் பரீட்சையே வாயில். எனவே, பட்டப்படிப்பிற் செய்யவேண்டிய திட்டத்தை நம் மாணவர் பதினாறு வயதிலேயே செய்தல் வேண்டும்.

முதலாவது, பாடத் தெரிவு. உயிரியற் பிரிவிற் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம். அங்ஙனம் எடுத்தவர்க்கு விவசாயம் முதலிய கற்கைகளுக்கு வழியுண்டு. பல் வைத்தியத்துக்கு இல்லை. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் பயிலும் பிள்ளை, இஃதறியாது பாடம் மாற்றின், அன்றே அக்கதவு அடைபட்டுவிடும்.

இரண்டாவது, சமமான உழைப்பு. ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவதே இஸட் புள்ளி. மூன்று பாடங்களின் இஸட் புள்ளிகளது சராசரியே தெரிவுக்குக் கொள்ளப்படும். இரு பாடங்களில் 1.8 பெற்று மூன்றாவதில் 0.3 பெற்றவரின் சராசரி 1.3, மூன்றிலும் 1.5 பெற்றவர்க்கோ 1.5. விருப்பமான பாடத்தில் மட்டும் ஊன்றுதல் பயன்தராது என்பது இதனாற் பெறப்படும். ஒரே அமர்விற் பெற்ற பெறுபேறே கணிக்கப்படுவதால், ஒருமுறை தவறினோர் மூன்று பாடங்களையும் மீளப் பயிலல் வேண்டும்.

அனுமதி இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைப்படியும், 55 மாவட்டங்களின் குடித்தொகைப்படியும், 5 கல்வி வாய்ப்பிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறினுள் திருகோணமலையும் ஒன்று. இஃது ஊக்கந்தரும் ஏற்பாடேயன்றி உழைப்புக்கு மாற்றன்று.

மூன்றாவது, ஆங்கிலம். பொது ஆங்கிலத்தின் புள்ளி இஸட் புள்ளியிற் சேராமையால் அதனைப் பலர் புறக்கணிப்பர். ஆயினும் பல் வைத்தியம் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றது. தமிழிற் கற்ற உடற்கூறுகளின் பெயர்களை ஆங்கிலத்திலும் நாளும் எழுதிப் பழகுதல் நலம்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பௌதிகவியல் கற்றோர் விடுமுறைதோறும் ஒரு நாளையேனும் இளையோர்க்கு ஈவாராயின், அதனினும் சிறந்த விழாக் காணிக்கை எமது கல்லூரிக்கு வேறில்லை.