பட்டை கட்டி எடை தூக்கலாமா?

சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனுக்கு 2021-ல் முழங்கால் அறுவை நடந்தபோது சேலமே அவர் காலைப் பற்றிப் பேசியது. அறுவையைவிடப் பெரிய பாடு அதற்குப் பின்தான். சில வாரம் கால் சும்மா இருந்தாலே தொடைச் சதை வற்றும். அதை மீட்க எடை தூக்க வேண்டும். மூட்டோ எடை தாங்காது. ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி இந்தச் சிக்கலுக்குத்தான் பொருத்தம்.

மரத்துப்போன கால்

1966-ல் ஜப்பானில் யோஷியாகி சாத்தோ என்ற இளைஞர், ஒரு பௌத்தச் சடங்கில் வெகுநேரம் மண்டியிட்டிருந்தார். கெண்டைக்கால் மரத்து, உடற்பயிற்சி செய்ததுபோல் விம்மியது. ரத்த ஓட்டம் தடைபட்டதே காரணம் என்று நினைத்த அவர், 1973-ல் பனிச்சறுக்கில் அடிபட்டுக் கட்டுப்போட்டிருந்த தன் காலிலேயே பட்டை கட்டிச் சோதித்தார்.

உள்ளே நடப்பது

தொடையின் மேற்பகுதியிலோ மேற்கையிலோ கட்டும் பட்டை, ரத்தம் திரும்பும் சிரையைத் தடுக்கிறது. தமனி வழியே வரும் ரத்தத்தைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. ஆக்சிஜன் குறைவதால் மெதுவாக இயங்கும் தசைநார்கள் சீக்கிரம் களைத்துவிடும். வழக்கமாகப் பளுவான எடைக்கே எழும் வேகத் தசைநார்கள் அப்போது வேலைக்கு வருகின்றன. ஆகவே அதிகபட்சம் 50 கிலோ தள்ளக்கூடியவருக்கு 10 முதல் 15 கிலோ போதும். முதலில் 30 முறை, பிறகு மூன்று சுற்று, சுற்றுக்கு 15 முறை. இடையில் 30 விநாடி ஓய்வு. எரிச்சல் கடுமையாக இருக்கும்.

தசையின் பருமன் கனத்த எடைக்கு இணையாகவே கூடுகிறது. பலம் அவ்வளவு கூடுவதில்லை. அஸ்தம்பட்டி ஜிம்மில் நல்ல மூட்டோடு எடை தூக்கும் இளைஞருக்கு இது குறுக்குவழி இல்லை என்பது என் கருத்து.

இறுக்கம்

தமனி முழுதாக அடைபடும் அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம் மட்டும் வைப்பார்கள். தொடை பருமனானால் அளவும் மாறும். ரீல்ஸைப் பார்த்துவிட்டு எலாஸ்டிக் துணியை இழுத்துக் கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

தொடக்கூடாதவர்கள்

ரத்தக்கட்டி வந்தவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தள்ளியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நாள்முழுக்க நின்று விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது சகஜம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டையைத் தொடவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் அப்படியே.

பயிற்சியின்போது கால் மரத்தாலோ வெளிறினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டவும். மூச்சு வாங்கினால் 108-ஐ அழைக்கவும்.