ஓய்ந்த மின்கலம் எங்கே போகிறது?

இரவில் முறைவைத்து வரும் மின்சாரத்துக்காகக் காத்திருந்து, மோட்டாரைப் போட வரப்பின்மீது நடந்து செல்லும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயிக்குக் கையிலுள்ள டார்ச் லைட், பாம்புக்கடியிலிருந்து காக்கும் சாதனம். ஆயினும் அதில் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டை பிறகு எங்கே போகிறது என்று சிந்திப்பவர் அபூர்வம். நகரத்திலோ, ரிமோட்டிலிருந்தும் பொம்மையிலிருந்தும் கழற்றி வீட்டுக் குப்பையோடு சேர்த்த மின்கலம், அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் கிடங்கில் மதுரை மாநகராட்சியின் 100 வார்டுக் குப்பையோடு கலந்து, மழையில் நனைந்து, துருவேறிய உறையின் வழியே துத்தநாகத்தையும் மாங்கனீசையும் மண்ணில் கசியவிடக்கூடும்.

திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலமோ, முறையாக மின்னேற்றினால் நூற்றுக்கணக்கான தடவை உழைத்து, அத்தனை கட்டைகள் குப்பைக்குப் போவதைத் தடுக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைச் செய்ய உலோகமும் சக்தியும் அதிகம் செலவாவதால், பத்துத் தடவை உபயோகித்து எறிபவரால் பூமிக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே, அடிக்கடி கட்டை மாற்றும் டார்ச்சுக்கும் பொம்மைக்கும் அதை வாங்குவதே உசிதம். ஆண்டுக்கணக்கில் ஒரே கட்டையில் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்கு அது அவசியமில்லை. சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும் காட்மியம் கொண்ட பழைய வகையைத் தவிர்த்தல் நலம். சாதாரணக் கட்டையை மின்னேற்றியில் செருகுவதோ பேராபத்து. அது கசியவும் வெடிக்கவும் கூடும்.

எவ்வகை மின்கலமாயினும் ஒருநாள் ஓய்ந்தே தீரும். அந்நாளுக்கான ஏற்பாட்டைத்தான் 2022 ஆகஸ்டில் மத்திய அரசு பிரசுரித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் செய்கின்றன. ஓய்ந்தவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பு, தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் சார்ந்தது. அவற்றைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைப்பது நம் கடமை. உறையின்மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிச் சித்திரம் அதையே நினைவூட்டுகிறது. லித்தியம் மின்கலமாயின், முனைகளில் டேப் ஒட்டித் தனிப் பையில் கொடுங்கள். குப்பை வண்டியில் அது நசுங்கித் தீப்பிடித்தால் முதலில் காயம்படுபவர் துப்புரவுத் தொழிலாளியே.

பெற்றுக்கொள்ள எவரும் இல்லையென்றால் அத்துடன் விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டு அபாயக் கழிவுக்குச் சேகரிப்பு மையம் அமைப்பதை உள்ளாட்சியின் கடமையாக 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே விதித்தன. அதைக் கேட்டு மாநகராட்சிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பரிகாரம் கிட்டாவிடில் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். ஆனால் தாவாவுக்குரிய காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2010 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பதால், காலதாமதம் கூடாது.