இரும்பை முந்திய ரேடான்

தனிமங்களைப் பற்றிய கல்வி மென்பொருள் ஒன்றில் அடர்த்தியை இறங்குவரிசையில் அடுக்கச் சொல்கிறோம் என்று வையுங்கள். ஆஸ்மியம் 22.59, இரிடியம் 22.56, தங்கம் 19.3 என ஒழுங்காகவே தொடங்கும். அலகு கலந்துபோன பட்டியலாக இருந்தால் வேடிக்கை அதற்குப் பிறகுதான். 9.73 என்ற எண்ணோடு ரேடான் வாயு இரும்புக்கு (7.87) மேலே போய் உட்காரும். செனான் (5.89) டைட்டேனியத்தை (4.51) முந்தும். அலுமினியம் (2.70) குளோரினிடம் (3.2) தோற்கும்.

எண்களில் பிழையில்லை. திடப்பொருளையும் திரவத்தையும் கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்றும், வாயுவை லிட்டருக்கு இத்தனை கிராம் என்றும் சொல்வது வேதியியலில் நெடுநாள் வழக்கம். ஒரு லிட்டர் என்பது 1,000 கன சென்டிமீட்டர். ஒரு கன மீட்டர் இரும்பின் எடை 7,870 கிலோ. அதே அளவு ரேடான் 10 கிலோகூடத் தேறாது.

அச்சுப் புத்தகத்தில் அடிக்குறிப்பு காப்பாற்றிவிடும். தரவாக ஏற்றும்போது எண் மட்டும் உள்ளே போகிறது, குறிப்பு வெளியே நின்றுவிடுகிறது. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் 7.87ஐவிட 9.73 பெரிது என்பதுதான்.

எல்லாவற்றையும் கன சென்டிமீட்டர் கணக்குக்கே மாற்றினால்? ஹைட்ரஜன் 0.00009 ஆகும். திரை இரண்டு தசம இடம் மட்டும் காட்டினால் ஹைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் மூன்றும் 0.00, செனானும் ரேடானும் 0.01. கன மீட்டருக்குக் கிலோகிராம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் என்பதும் கன மீட்டருக்கு ஒரு கிலோ என்பதும் ஒன்றுதான். வாயுக்களின் எண்ணைத் தொடவே வேண்டாம். ஆஸ்மியம் 22,590 என்று நீளும், நீளட்டுமே.

அலகு சரியானாலும் வெப்பநிலையும் அழுத்தமும் இல்லாமல் வாயுவின் அடர்த்திக்குப் பொருளில்லை. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் 0 டிகிரி செல்சியஸில் 1.43, 25 டிகிரியில் 1.31. கார்பனுக்கோ எந்த வடிவம் என்றும் சொல்லியாக வேண்டும்: கிராஃபைட் 2,260, வைரம் 3,510.

தசம இடங்களைத் தாராளமாக விட்டுவைப்பதற்கும் காரணம் உண்டு. 1890களில் இயற்பியலாளர் ரேலே பிரபு, காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.2505 கிராம் என்று கண்டார். அந்த அரை சதவீத வேறுபாட்டைத் துரத்திப்போய் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் 1894இல் ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். கன சென்டிமீட்டர் கணக்கில் மூன்று தசம இடத்தோடு நிறுத்தினால் இரண்டு நைட்ரஜனுமே 0.001.