கராஜில் தூங்கிய மஸ்டாங்: எழுப்புவது எப்படி, விற்பது எப்படி?

இன்னைக்கு எபிசோடை ஒரு ஏலத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

2020 ஜனவரி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிம்மி என்ற ஊரில் பெரிய கார் ஏலம். மேடைக்கு வந்த பச்சை நிறக் காரைப் பார்த்தால், "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று தோன்றும். பெயின்ட் மங்கிப்போயிருக்கு, அங்கங்கே துரு, பாடியில் நசுங்கல். அந்தக் கார் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏலக் கட்டணத்தையும் சேர்த்தால் 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய்!

1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங் அது. 1974-ல் நியூ ஜெர்சியில் ஒரு குடும்பம் அதை வாங்கி, சாதாரண வீட்டு வண்டியாகவே ஓட்டியது. 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதி, திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். அவங்க தரவில்லை. 1980 வாக்கில் கிளட்ச் போனது, கார் ஓரமாக நின்றது. பிறகு 2018 ஜனவரியில், டெட்ராய்ட் கார் கண்காட்சியில்தான் அது வெளியே வந்தது.

இடையில் அந்த வீட்டு மகன் காரை எழுப்பினார். ஓடுவதற்குத் தேவையான பாகங்களைச் சரிசெய்தார். ஆனா வெளித்தோற்றத்தைப் புதுசாக்கவில்லை. ஷூட்டிங்கில் கேமரா மாட்டுவதற்காகக் காருக்கு அடியில் செய்த வேலைகளின் தடயமும் அப்படியே இருந்தது. இது அசல் கார்தான் என்று நிரூபிக்க உதவிய ஆதாரங்களில் அதுவும் ஒன்று. யாராவது ஆர்வக்கோளாறில் அடிப்பக்கத்தைச் சுத்தமாக வழித்துப் பெயின்ட் அடித்திருந்தால்?

எதைச் சரிசெய்யணும், எதைத் தொடக்கூடாது, எதைச் சொல்லியே ஆகணும். பல வருஷம் நின்ற காரை விற்கிறவர் முன்னால் இருப்பது இந்த மூணு கேள்விதான்.

சாவியைத் திருப்பாதீங்க

எல்லார் வீட்டிலும் புல்லிட் கார் இருக்காது. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒஹாயோவில் ஒரு தாத்தா. 1966 மஸ்டாங் வைத்திருந்தார். 30 வருஷமாகக் கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. தாத்தா காலமாகிவிட்டார். பேத்தி அதை விற்க நினைக்கிறார்.

முதல் ஆசை என்ன? புது பேட்டரி மாட்டி சாவியைத் திருப்புவது. அதுதான் முதல் தப்பு.

30 வருஷப் பெட்ரோல் இப்போ பெட்ரோலே இல்லை. கெட்டுப்போய் பிசின் மாதிரி ஆகியிருக்கும், வார்னிஷ் வாடை அடிக்கும். அதை உள்ளே இழுத்தால் கார்புரேட்டர் அடைச்சுக்கும், வால்வுகளும் ஒட்டிக்கலாம். சிலிண்டருக்குள் துரு பிடித்திருந்தால் பிஸ்டன் நகராது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரால் பலவந்தமாகச் சுற்றினால், சின்னச் செலவில் முடிய வேண்டியது இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

சரியான முறை மெதுவானது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊற விடணும். பிறகு ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கணும். இன்ஜின் ஆயிலை மாற்றணும். டேங்கைக் காலி செய்து கழுவணும். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு போடணும். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கணும், எலிக்கு அது பிடித்தமான வீடு. வயரையும் அது கடித்து வைத்திருக்கும்.

இன்ஜினுக்கு முன்னால் பிரேக்

இன்ஜின் உறுமிவிட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. தெருவில் ஒரு ரவுண்டு போகலாமே என்று தோணும். அதனால் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சிடணும்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் நின்றால் உள்ளேயே துரு பிடிக்கும், ரப்பர் சீல் கெட்டிப்படும். இதில் 1966 மஸ்டாங்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்றைய கார்களில் பிரேக் லைன் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று ஒழுகினாலும் மற்றது காப்பாற்றும். மஸ்டாங்கில் அந்த இரட்டை ஏற்பாடு 1967 மாடலில்தான் வந்தது. 1966-ல் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே ஒழுகினாலும் பெடல் தரைக்குப் போயிடும்.

அடுத்து டயர். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரியும், ஏமாறாதீங்க. டயர் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் குறியீடு இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் அதன் கடைசி நாலு இலக்கம், தயாரான வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். அந்த இடத்தில் மூணு இலக்கம்தான் இருக்கு என்றால், டயர் போன நூற்றாண்டுது. பேசவே வேண்டாம், மாற்றுங்க.

பெயின்ட் அடிக்கலாமா?

"பளபளன்னு ஆக்கினா விலை ஏறுமே?" என்று கேட்பீங்க. கணக்குப் பார்ப்போம். 1966-ல் மட்டும் ஃபோர்டு 6 லட்சத்துக்கும் மேல் மஸ்டாங் தயாரித்தது. அதனால் ஒரு சாதாரண மஸ்டாங் அபூர்வமான கார் கிடையாது. முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க ஆகும் செலவு, பெரும்பாலும் கடைசியில் கிடைக்கும் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொன்று நம்பிக்கை. விற்பதற்கு முந்தின மாசம் அடித்த பெயின்ட்டைப் பார்த்ததும் அனுபவசாலிக்கு வரும் முதல் கேள்வி: "அடியில் எதை மறைச்சிருக்காங்க?" துருவுக்கு மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்பது பழைய தந்திரம். அதனால்தான் வாங்க வருபவர் பாக்கெட்டில் சின்னக் காந்தம் இருக்கும். இரும்பில் ஒட்டும், கனமான பட்டி மேல் ஒட்டாது.

மஸ்டாங்கில் துரு ஒளிந்திருக்கும் இடங்களும் அவருக்குத் தெரியும். முக்கியமானது முன் கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வரும் பகுதி. அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். உள்ளே கால் வைக்கும் இடம் நனைந்தால் விஷயம் புரிஞ்சிடும். அந்தச் சோதனையை நீங்களே முதலில் செய்து, வந்த முடிவை எழுதி வையுங்க.

பழைய பெயின்ட், தொழிற்சாலையில் ஒட்டிய லேபிள், தாத்தா சேர்த்து வைத்த சர்வீஸ் பில் எல்லாமே சாட்சி. தூசியைத் துடைங்க, சாட்சியை அழிக்காதீங்க.

நம்பர் பொய் சொல்லாது

வண்டியின் அடையாள எண்ணைப் படிக்கக் கற்றுக்கணும். 1966 மஸ்டாங்கில் முதல் இலக்கம் 6, அது வருஷம். அடுத்த எழுத்து தொழிற்சாலை. 'எஃப்' என்றால் மிச்சிகனில் இருக்கும் டியர்பார்ன், 'ஆர்' என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, 'டி' என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். ஐந்தாவது எழுத்து இன்ஜின். அங்கே 'டி' இருந்தால் ஆறு சிலிண்டர், 'சி' அல்லது 'ஏ' இருந்தால் வி-8.

பேத்தியின் காரில் ஐந்தாவது எழுத்து 'டி', ஆனா பானட்டைத் திறந்தால் வி-8 உட்கார்ந்திருக்கு என்று வெச்சுக்கோங்க. இடையில் யாரோ இன்ஜினை மாற்றியிருக்காங்க. அது குற்றம் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

மீட்டரும் அப்படித்தான். அதில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். மீட்டர் 43,000 காட்டினால் அது 1,43,000 ஆகவும் இருக்கலாம். பழைய பில் கையில் இல்லாமல் "43,000 மைல்தான் ஓடியது" என்று எழுதாதீங்க. "மீட்டரில் 43,000 இருக்கு, உண்மையான தூரம் தெரியாது" என்று எழுதுங்க.

அப்புறம் உரிமைப் பத்திரம். அமெரிக்காவில் அதை 'டைட்டில்' என்பாங்க, மாநில அரசு தருவது. தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசு வழியாக மாற்றணும், அந்த நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பத்திரம் இல்லாத கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விலை படுத்துவிடும்.

விளம்பரத்தில் ஒவ்வொரு சொல்லும் வாக்குறுதி

தனிநபர் விற்கும் பழைய கார் அங்கே பொதுவாக "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில்தான் கைமாறும், வாரன்டி கிடையாது. அதற்காகப் பொய் சொல்ல உரிமை கிடைத்துவிடாது. தெரிந்தே மறைத்தால் கோர்ட் வரை போகலாம்.

"ஓடுகிறது" என்ற ஒரு சொல்லைப் பாருங்க. கராஜில் இருந்து வாசல் வரை வந்ததும் ஓட்டம்தான், நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போவதும் ஓட்டம்தான். வாங்குபவர் இரண்டாவதை நினைத்துக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். அதனால் எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் ஓட்டிப் பார்த்தீங்க, எந்தெந்தப் பாகம் புதுசு, எதைத் தொடவே இல்லை என்று பட்டியல் போடுங்க.

போட்டோவில் அடிப்பக்கம், துரு, கிழிந்த சீட் எல்லாம் வரட்டும். ஸ்டார்ட் செய்யும் வீடியோவை இன்ஜின் ஆறியிருக்கும்போது எடுங்க. சூடான இன்ஜின் பல நோய்களை மறைக்கும். வாங்குபவர் தன் மெக்கானிக்கை அனுப்பினால் கதவைத் திறந்து விடுங்க. வங்கிச் செக் கொடுத்தால் அந்த வங்கிக்கே சேர்ந்து போய், அசல்தானா என்று பார்த்த பிறகு சாவியைக் கொடுங்க. போலிச் செக் அங்கே பழகிப்போன மோசடி. விற்றதை அரசுக்குத் தெரிவிக்கவும் மறக்காதீங்க. கலிஃபோர்னியாவில் அதற்கு 5 நாள்தான் கெடு. இல்லாவிட்டால் அடுத்தவர் வாங்கும் அபராதச் சீட்டு உங்கள் வீட்டுக்கு வரும்.

இவ்வளவும் சொன்னால் விலை குறையாதா? முதல் போன் காலில் கொஞ்சம் குறையலாம். ஆனா வாங்குபவர் தெரியாத ஒவ்வொரு விஷயத்துக்கும் மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேசுகிறார். நீங்க சொல்லச் சொல்ல அவர் கழிப்பது குறையும்.

சுருக்கமா சொன்னா: ஆளைக் கொல்லக்கூடியதைச் சரிசெய்யுங்க. சாட்சி சொல்லக்கூடியதை விட்டுடுங்க. மிச்சம் எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்லிடுங்க. புல்லிட் கார் அன்னைக்கு மேடைக்கு வந்தபோது அதன் நசுங்கலையும் துருவையும் யாரும் மறைக்கவில்லை. கேட்டவங்க எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் விலையை ஏற்றினாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.