மூடியில் இருக்கிறது சூட்சுமம்

கூலன்ட் கசிவை அலட்சியம் செய்தால் ஹெட் கேஸ்கட் போகும். கூடவே டாக்சி ஓட்டுபவரின் பல வார வருமானமும் போகும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வருவதற்குள் நெடுஞ்சாலை சுமார் 400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. ஆட்களும் மூட்டைகளுமாக ஏறி வந்த கார், எல்லையைக் கடந்து கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலுகாவில் நுழைகிறது. அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று வரிசையாக நெரிசல். ஓடும்போது ரேடியேட்டரில் மோதிக்கொண்டிருந்த காற்று நின்றுவிடுகிறது. இனி மின்விசிறி ஒன்றுதான் கதி. பழுதுள்ள கார்களில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகர்வது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவது கூலன்டின் வேலை. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். சில மில்லிமீட்டர் உலோகத்துக்கு அப்பால் ஓடும் கூலன்டோ 90 டிகிரி அளவில் இருக்க வேண்டும்.

இங்கேதான் ரேடியேட்டர் மூடி முக்கியமாகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆனேக்கல் வட்டாரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியில் உள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் வெடித்தாலோ இந்தப் பாதுகாப்பு இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்தான். ஆனால் அதைச் சரியாகச் செய்வது சுலபமல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு இயந்திரங்களை விலைக்கு வாங்கி இங்கிலாந்திலிருந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அதே அமெரிக்க நிறுவனத்துக்கு மூடிகளை அனுப்பி, சிறந்த சப்ளையர் விருதைப் பல முறை பெற்றது.

மூடிக்கு அடுத்த எதிரி தண்ணீர். ஆனேக்கல் தாலுகா பெரிதும் போர்வெல்லை நம்பியிருக்கிறது. உப்பு கலந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் வீட்டுப் பாத்திரத்தில் படிவதைப் போலவே உள்ளே படிவம் சேரும். குழாய்கள் அடைபடும், துரு பிடிக்கும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் கொதிநிலையை உயர்த்துகிறது. அதில் சேர்க்கப்படும் ரசாயனங்கள் துருவைத் தடுக்கின்றன. அதனுடன் கலக்க வேண்டியது காய்ச்சி வடித்த தண்ணீர். கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தரையில் சிந்தியதைக் குழந்தைகளும் நாய்களும் நெருங்க விடக் கூடாது.

ஓட்டை விழுந்த ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேர்வது அம்பாசடர் காலத்து டிரைவர்களின் கைவைத்தியம். தூள் ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். இன்றைய ரேடியேட்டர்களின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும். கடைகளில் விற்கும் கசிவடைப்பான் திரவங்களும் அவசரத்துக்குத்தான்.

அம்பாசடரின் பழைய எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியும். பின்னால் வந்த பல கார்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. இந்த இழுபறிக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்வது ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, எஞ்சின் ஆயில், கூலன்ட் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதுதான். முன்பு செம்பும் அஸ்பெஸ்டாஸுமாக இருந்த கேஸ்கட் இன்று பல அடுக்கு எஃகுத் தகடாகியிருக்கிறது. ஆனாலும் ஹெட் வளைந்துவிட்டால் எந்தக் கேஸ்கட்டும் தாங்காது.

அது போனதற்கு அடையாளங்கள் உண்டு. வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் பால் விட்ட காபி நிறத்தில் குழம்பு. ரேடியேட்டரில் விடாமல் குமிழிகள். வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலே கூலன்ட் குறைவது. சந்தேகம் இருந்தால் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவத்தை வைத்துச் சோதிக்கலாம். எரிவாயு கசிந்தால் அது மஞ்சளாகும்.

ஆனால் அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. முதலில் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் கசிவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். திறக்காமல் அடம்பிடிக்கும் தெர்மோஸ்டாட்டும், சுற்றாத மின்விசிறியும்கூட இதே தொல்லையைக் கொடுக்கும்.

ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் வளைவை அளப்பதுதான் முதல் வேலை. பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவுதான். தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. கூடுதலாக இருந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்தாமல் புதுக் கேஸ்கட் போடுவது வீண். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும். கைப்பக்குவம் இங்கே உதவாது. சில எஞ்சின்களில் போல்ட்டையும் மாற்றியாக வேண்டும். கேஸ்கட்டின் விலை குறைவு. கழற்றி மாட்டும் கூலியும் லேத் செலவும்தான் பில்லை ஆயிரக்கணக்கில் ஏற்றுகின்றன. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் சவாரி இல்லை, கடன் தவணை மட்டும் நிற்பதில்லை.

முள் ஏறினால் செய்ய வேண்டியது எளிது. ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்த வேண்டும். அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் தொடக் கூடாது. பீறிடும் ஆவி முகத்தைப் பொசுக்கிவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். இன்னும் 2 கிலோமீட்டர்தானே என்று ஓட்டுவதுதான் பெரும்பாலான கேஸ்கட்டுகளின் முடிவு.

ஹெட்டும் இல்லாத, கேஸ்கட்டும் இல்லாத காரைச் செய்து காட்டியதும் இதே ஆனேக்கல் தாலுகாதான். பொம்மசந்திராவில் உருவான ரேவா மின்சாரக் கார் 2001இல் விற்பனைக்கு வந்தது. அதன் பின் வந்த மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கக் கூலன்ட் திரும்பி வந்துவிட்டது. கேஸ்கட் கவலை போனாலும் கசிவைக் கவனிக்கும் வேலை போகவில்லை. ஓசூர் சாலையில் பெட்ரோலிலும் டீசலிலும் பிழைப்பு நடத்துபவர்களுக்கு, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் அளவைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் மலிவான காப்பீடு.